ராக் அரவுண்ட் த கிளாக்: பின்பக்கத்தில் கிடந்த பாட்டு முன்னால் வந்த கதை

1. சுருதிபிசகு

அமெரிக்கப் பாடகர் பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்' என்ற ராக் அண்ட் ரோல் பாட்டு பற்றி இந்த மன்றத்தாரிடம் மூன்று சந்தேகம்.

1954-இல் வந்த இசைத்தட்டு 1955-இல் போய் முதலிடம் பிடித்தது எப்படி? இரண்டாவது, இணையத்தில் இதே பாட்டு, இதே ஆள், ஆனால் நாலைந்து விதமாகக் கேட்கிறது. அசல் எது? மூன்றாவது, மேடையில் வாசிப்பவர்களுக்கானது. கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மூன்றே மூன்றுதான். அப்படியும் முக்கால்வாசிப் பேர் சொதப்புகிறார்கள். எங்கே சறுக்குகிறது?

2. பழையதட்டு

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். வாசிப்பு விஷயத்தைக் கம்பிக்காரர் வந்து சொல்லட்டும்.

பாட்டின் காப்புரிமை பதிவானது 1953 மார்ச் 31-இல். எழுதியவர்களாக இரண்டு பேர் போட்டிருக்கும்: மேக்ஸ் ஃப்ரீட்மன், ஜிம்மி டி நைட். இரண்டாவது பெயர் ஜேம்ஸ் மையர்ஸ் என்கிற இசைப் பதிப்பாளரின் புனைபெயர். அவர் நிஜமாகவே எழுதினாரா, பதிப்பாளர் என்ற முறையில் பெயரைச் சேர்த்துக்கொண்டாரா என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. ஃப்ரீட்மனுக்கு அப்போது 60 வயது. விடலைப் பையன்களின் கீதம் என்று பின்னால் பெயர் வாங்கிய பாட்டை எழுதியவர் தாத்தா வயதுக்காரர்.

ஹேலி அந்தச் சமயம் பிலடெல்பியாவில் டேவ் மில்லரின் எஸ்ஸெக்ஸ் கம்பெனிக்குப் பாடிக்கொண்டிருந்தார். 1953-இல் 'கிரேஸி மேன், கிரேஸி' அங்கேதான் வந்தது, ஓடவும் ஓடியது. ஆனால் மில்லருக்கும் மையர்ஸுக்கும் ஆகாது. ஹேலி இந்தப் பாட்டை மேடையில் பாடுவார், கூட்டம் ஆடும், தட்டாகப் போட மட்டும் மில்லர் விடமாட்டார். அந்த இடைவெளியில் சன்னி டே அண்ட் ஹிஸ் நைட்ஸ் என்ற குழு ஆர்கேட் என்கிற சின்னக் கம்பெனிக்குப் பாடி, 1954 மார்ச்சில் தட்டு வெளிவந்தது. பெரிதாக ஓடவில்லை.

எஸ்ஸெக்ஸை விட்டு வந்ததும் ஹேலி டெக்கா கம்பெனிக்குப் போனார். 1954 ஏப்ரல் 12, நியூயார்க் மேற்கு 70-ஆம் தெருவிலுள்ள பித்தியன் டெம்பிள். நைட்ஸ் ஆஃப் பித்தியாஸ் என்ற சங்கத்தின் கட்டடம், உள்ளே நடன மண்டபம். கூரை உயரம், குரல் சுவரில் பட்டுத் திரும்பும். அதையே டெக்கா ஸ்டுடியோவாக வைத்திருந்தது. 1958 அக்டோபரில் பாடகர் பட்டி ஹாலி வயலின் கூட்டத்தோடு பதிவு செய்ததும் இதே இடத்தில்தான்.

குழு அன்று தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. வருகிற வழியில் படகு மணல்திட்டில் சிக்கிக்கொண்டது. வந்தபின்னும் தயாரிப்பாளர் மில்ட் கேப்ளர் முதலில் எடுக்கச் சொன்னது வேறு பாட்டு: 'தர்ட்டீன் விமன்'. ஹைட்ரஜன் குண்டு விழுந்த பிறகு ஊரில் ஒரே ஆண், பதின்மூன்று பெண்கள் என்று போகிற பாட்டு. அதே ஆண்டு மார்ச் 1-இல்தான் பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா பெரிய ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தியிருந்தது. ஆக அது சுடச்சுடச் செய்தி. மூன்று மணி நேர அவகாசத்தில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிட்டது. கடைசியில் மிஞ்சிய அரை மணிச் சொச்சத்தில்தான் நம் பாட்டு. இரண்டே டேக், அதாவது இரண்டே முறை வாசித்துப் பதிந்தார்கள்.

தட்டு மே மாதம் வந்தது. எண் 29124. முன்பக்கம் 'தர்ட்டீன் விமன்', பின்பக்கம் இது. அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் பட்டியலில் ஒரே ஒரு வாரம் 23-ஆம் இடத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

3. நடுமேளம்

லேபிளில் என்ன வகை நடனம் என்று போட்டிருந்தார்கள் தெரியுமா? ஃபாக்ஸ் டிராட், பழைய ஜோடி நடனம்! ராக் அண்ட் ரோல் என்ற சொல்லே அதில் கிடையாது. கடைக்காரர் எந்த அடுக்கில் வைப்பார் பாவம்.

4. சுருதிபிசகு

பழையதட்டு சார், நன்றி. ஆனால் பாதியில் விட்டுவிட்டீர்களே. 23-இலிருந்து 1-க்கு எப்படி?

5. பழையதட்டு

சினிமா.

'பிளாக்போர்டு ஜங்கிள்', 1955 மார்ச்சில் வந்தது. இயக்கம் ரிச்சர்ட் புரூக்ஸ். நியூயார்க் பள்ளியில் அடங்காத மாணவர்கள், கிளென் ஃபோர்டு வாத்தியார், மாணவர்களில் சிட்னி பாய்ட்டியே. தலைப்பு ஓடும்போதே இந்தப் பாட்டு. தட்டு எப்படி இயக்குநர் கைக்குப் போனது என்றால், கிளென் ஃபோர்டின் மகன் பீட்டரிடம் அது இருந்தது. பையனுக்கு அப்போது ஒன்பது-பத்து வயது. வீட்டில் கிடந்த தட்டுகளைப் புரட்டும்போது புரூக்ஸ் இதை எடுத்தார் என்பதுதான் பீட்டர் ஃபோர்டு சொல்லிவரும் கதை.

இதில் ஒலி விஷயம் ஒன்று உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. அன்றைக்கு ஒரு பையன் வீட்டில் பாட்டுக் கேட்டது சின்ன மேசை ரேடியோவிலோ, உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த பெட்டி கிராமபோனிலோ. அதில் டபுள் பேஸ் இருப்பதே தெரியாது. தியேட்டரில் திரைக்குப் பின்னால் ஆளுயர ஸ்பீக்கர். அதே 1954 பதிவு அங்கே முதல்முறையாக வயிற்றில் இடித்தது. பாட்டில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை, கேட்கும் பெட்டி மாறியது.

1955 ஜூலை 9-ஆம் தேதிப் பட்டியலில் முதலிடம். எட்டு வாரம் இறங்கவில்லை. அதற்கு முன்னால் அந்த இடத்தில் பத்து வாரம் உட்கார்ந்திருந்தது பெரஸ் பிராடோவின் மாம்போ நடனத் தட்டு. இறக்கியது மிட்ச் மில்லரின் 'தி யெல்லோ ரோஸ் ஆஃப் டெக்சஸ்'. முன்னாலும் பின்னாலும் அப்படிப்பட்ட பாட்டுகள் இருந்த இடத்தில் இது நடுவில் நின்றது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலிலும் 3-ஆம் இடம் வரை போனது.

6. ஊசிமுனை

ஒரு திருத்தம், யாரும் இன்னும் சொல்லவில்லை, சொல்வதற்குள் முந்திக்கொள்கிறேன். 'ஹாட் 100-இல் முதலிடம் பிடித்த முதல் ராக் பாட்டு' என்று நிறைய இடத்தில் எழுதுகிறார்கள். தப்பு. ஹாட் 100 தொடங்கியதே 1958 ஆகஸ்டில். 1955-இல் பில்போர்டு தனித்தனியாகப் பட்டியல் போட்டது: கடை விற்பனை ஒன்று, ரேடியோ அறிவிப்பாளர்கள் போடுவது ஒன்று, ஜூக்பாக்ஸ் ஒன்று. எட்டு வாரம் என்பது கடை விற்பனைப் பட்டியல் கணக்கு. எண்ணை எடுத்து எழுதும்போது எந்தப் பட்டியல் என்று சேர்த்து எழுதுங்கள்.

பிரிட்டனில் அது பிரன்ஸ்விக் கம்பெனித் தட்டு, எண் 05317. அங்கே வரிசை வேறு மாதிரி. 1955 ஜனவரியில் 17-ஆம் இடத்தில் தலைகாட்டிப் போனது. படம் வந்தபிறகு அக்டோபரில் திரும்பி, நவம்பர் கடைசியில் முதலிடம் மூன்று வாரம். கிறிஸ்துமஸுக்கு இறங்கி, 1956 ஜனவரியில் மறுபடி ஏறி இரண்டு வாரம். பிரிட்டனில் மட்டுமே பத்து லட்சம் தாண்டிய முதல் தட்டு இதுதான். 1968-இலும் 1974-இலும் மறுபடி பட்டியலுக்குள் வந்தது.

7. எதிர்ப்பாட்டு

எல்லாம் சரி, ஆனால் அசல் என்றால் சன்னி டே பாடியதுதானே? முதலில் தட்டு போட்டவர் அவர். ஹேலி நகலெடுத்தவர். அதோடு இந்த மெட்டே ஹேங்க் வில்லியம்ஸின் 1947 'மூவ் இட் ஆன் ஓவர்'. அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு என்று எதற்கு இதற்குக் கிரீடம்?

8. பழையதட்டு

கிரீடம் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று விஷயத்தைப் போட்டுக் கலக்குகிறீர்கள்.

தட்டு வந்த தேதிப்படி சன்னி டே முந்தி, சந்தேகமில்லை. ஆனால் ஹேலி அதைக் கேட்டு நகலெடுக்கவில்லை. 1953-இலேயே மேடையில் பாடிக்கொண்டிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் ஏற்பாடே வேறு என்று தெரியும்.

மெட்டு விஷயத்தில் 1947-இல் ஏன் நிற்கிறீர்கள்? சார்லி பேட்டனின் 1929 'கோயிங் டு மூவ் டு அலபாமா' கேளுங்கள். அதற்கும் முன்னால் ஜிம் ஜாக்சனின் 1927 'கேன்சஸ் சிட்டி ப்ளூஸ்'. 12 பார் ப்ளூஸில் (ஒரு பார் என்பது நாலு தாள அடி) முதல் நாலு பாரில் வரியைப் பாடி, மீதி எட்டு பாரில் பல்லவியைத் திருப்பிப் போடுவது பொதுக் கிணறு. ஹேங்க் வில்லியம்ஸும் அதில்தான் மொண்டார். தலைப்புகூடப் புதிதல்ல, ஹால் சிங்கர் 1950-இல் இதே தலைப்பில் வேறு பாட்டு போட்டிருக்கிறார்.

முதல் ராக் பாட்டு எது என்ற வழக்கில் 1951 'ராக்கெட் 88'-க்கு அதிகப் பலம். மெம்பிஸில் சாம் ஃபிலிப்ஸ் ஸ்டுடியோ, ஐக் டர்னரின் குழு, பாடியவர் ஜாக்கி பிரென்ஸ்டன். கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வழியில் அடிபட்டு ஸ்பீக்கர் கிழிந்து, காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றியதில் வந்த கரகரப்பு. அதே ஆண்டே ஹேலியும் அதைப் பாடித் தட்டு போட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்பினக் கலைஞர்கள் 1940-களிலேயே இதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஹேலியின் தட்டு முதல் அல்ல. வெள்ளைக்காரர் கடையின் பொதுப் பட்டியலில் உச்சிக்கு ஏறிய முதல் ராக் தட்டு. வித்தியாசம் பெரிசு.

இன்னொன்று: தயாரிப்பாளர் கேப்ளர் அதற்கு முன் கறுப்பினப் பாடகர் லூயி ஜோர்டனின் தட்டுகளைத் தயாரித்தவர். ஜோர்டனின் ஊசலாடும் ஷஃபிள் நடையை இந்தப் பையன்களிடம் வேண்டுமென்றேதான் கேட்டு வாங்கினார். அந்த ஓட்டம் தானாக வந்ததல்ல.

9. எதிர்ப்பாட்டு

லூயி ஜோர்டன் விஷயம் தெரியாது. அந்த ஒரு புள்ளிக்காக மற்றதையும் விட்டுக்கொடுக்கிறேன். பாதிதான்.

10. கம்பிக்காரன்

இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

சுருதி ஏ மேஜர். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 180 அடி. முகப்பு 8 பார், பிறகு 12 பார் சுற்று ஏழு. ஐந்தில் பாட்டு, இரண்டில் வாத்தியம். வரிசை இப்படி: சரணம், சரணம், கிட்டார் சோலோ, சரணம், சரணம், சாக்ஸஃபோனும் கிட்டாரும் சேர்ந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்), கடைசிச் சரணம், முடிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8-உம் 84-உம் சேர்த்து 92 பார். 180 வேகத்தில் ஒரு பார் 1.33 வினாடி. 92 பாருக்கு 2 நிமிடம் 3 வினாடி. முடிப்புக்கு நாலைந்து வினாடி. தட்டின் நீளம் 2:08. இந்தக் கணக்கு கையில் இருந்தால் எங்கே என்ன வரும் என்று தெரியும்: சோலோ 43-ஆவது வினாடி வாக்கில், ரிஃப் 1:31 வாக்கில்.

ஒரு சுற்றின் கார்ட்: ஏ நாலு பார், டி7 இரண்டு, ஏ இரண்டு, இ7 இரண்டு, ஏ இரண்டு. இ7-இன் இரண்டாவது பாரில் டி போடுகிறவர்களும் உண்டு. தப்பில்லை, ஆனால் குழுவில் ஒருவர் டி, இன்னொருவர் இ என்று போனால் அந்த இடம் சேறாகும். ஒத்திகைக்கு முன்பே பேசி முடிவு பண்ணுங்கள்.

சொதப்பல் எண் ஒன்று முகப்பு. ஒன்று முதல் பன்னிரண்டு மணி வரை எண்ணும் இடம். அங்கே குழு ஓடிக்கொண்டிருக்காது. ஒரு வெட்டு வெட்டி நிற்கும், குரல் தனியாகப் போகும், மறுபடி வெட்டு. அந்த வெற்றிடத்தில் எல்லாரும் காலால் தாளம் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டாமல் பாடகரின் வாயைப் பார்த்துக் காத்திருந்தால் அவர் பதற்றத்தில் வேகம் கூட்டுவார், முகப்பு முடிந்து முதல் சரணம் 195-இல் தொடங்கும். பிறகு சோலோ வாசிப்பவன் செத்தான். மருந்து ஒன்றுதான்: தாளம் காட்டும் மெட்ரோனோமை 180-இல் வைத்து முகப்பை மட்டும் இருபது தடவை.

சொதப்பல் எண் இரண்டு நடை. இது ஸ்விங். எட்டாம் மாத்திரைகளைச் சமமாக, 'டகடகடகடக' என்று அடித்தால் 1970-களின் பங்க் மாதிரி ஆகிவிடும். நீளம்-குறுகல் என்று ஊசலாட வேண்டும். இந்த வேகத்தில் ஊசல் கொஞ்சம் தட்டையாகத்தான் கேட்கும், ஆனாலும் அது இருக்க வேண்டும்.

எண் மூன்று கேலிக்கூத்தானது. சரணங்கள் கடிகாரத்தைக் கையில் வைத்திருக்கின்றன. முதல் சரணத்தில் ஒரு மணி. அடுத்ததில் இரண்டு, மூன்று, நாலு. அதற்கடுத்து ஐந்து, ஆறு, ஏழு. பிறகு எட்டிலிருந்து பதினொன்று. கடைசியில் பன்னிரண்டு. பாடகர் வரி மறந்து ஒரு சரணத்தைத் தாவினால் ராத்திரி நாலு மணிக்கு அடுத்து எட்டு மணி அடிக்கும். கேட்பவர்களில் ஒருவராவது கண்டுபிடித்துவிடுவார்.

11. சுருதிபிசகு

அந்த சோலோ பற்றித் தனியாகச் சொல்லுங்கள் கம்பி அண்ணே. கை உடைகிறது என்கிறார்கள்.

12. கம்பிக்காரன்

வாசித்தவர் டேனி செட்ரோன். முதலில் ஒரு விஷயம்: அந்த சோலோ இந்தப் பாட்டுக்காகப் பிறந்ததே அல்ல. 1952-இல் ஹேலியின் 'ராக் த ஜாயின்ட்' தட்டில் அவரே வாசித்ததை எடுத்து இங்கே பொருத்தியிருக்கிறார். நேரமில்லாத அன்று கையில் பழகியதை வாசித்துவிட்டார். ('ராக் த ஜாயின்ட்' பாட்டே 1949-இல் ஜிம்மி பிரஸ்டன் பாடியது, எதிர்ப்பாட்டு நண்பருக்கு இன்னொரு தீனி.) அவர் குழுவில் நிரந்தர ஆளும் அல்ல. தனியாக எஸ்கொயர் பாய்ஸ் என்று சொந்தக் குழு வைத்திருந்தார். அன்றைய வேலைக்குக் கூலி 21 டாலர். இரண்டு மாதம் கழித்து, 1954 ஜூன் 17-இல் மாடிப்படியில் விழுந்து கழுத்து முறிந்து இறந்தார். வயது 33. தட்டு முதலிடம் வந்ததை அவர் பார்க்கவில்லை.

கிட்டார் கிப்சன் இஎஸ்-300, 1940-களின் ஆர்ச்டாப், மேல்பலகை வளைந்த வகை. அக்காலக் கம்பிகள் தடிமன், மூன்றாவது கம்பியும் சுற்றுக்கம்பி. வளைக்க முடியாது. அதனால்தான் இந்த சோலோவில் இழுப்பும் குழைவும் தேடினால் கிடைக்காது. எல்லாம் கம்பியை அடிக்கும் சின்ன வில்லையான பிக்கின் வேலை. இன்றைய மெல்லிய கம்பியில் வாசிப்பவர்கள் பழக்கதோஷத்தில் வளைத்துத் தொலைக்கிறார்கள், உடனே வேறு பத்தாண்டின் பாட்டாகிவிடுகிறது.

கஷ்டம் கடைசியில் வரும் இறக்கம். குரோமாட்டிக்காக ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கி வரும் அந்த ஓட்டம். இரண்டு வகையில் கெடும். ஒன்று, இடது கை விரலைச் சறுக்கி இறக்குவது. அப்போது ஸ்வரங்கள் ஒட்டிக்கொண்டு வழுவழுவென்று கேட்கும். அசலில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகப் பிக்கால் அடிபட்டது, உலர்ந்த பட்டாணி தகரத்தில் கொட்டுவது மாதிரி. மேல்-கீழ் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும், கம்பி மாறும் இடத்திலும் அந்த மாற்றம் உடையக் கூடாது. இரண்டாவது, வலது முழங்கையை இறுக்குவது. வேகம் வேண்டுமென்று கை முழுவதையும் ஆட்டினால் நாலு வினாடியில் பிடிப்பு வரும். அசைவு மணிக்கட்டில் மட்டும். பிக் தடியாக, முனை கம்பிக்கு வெளியே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீட்டாமல்.

பழகும் முறை: 108-இல் ஆரம்பியுங்கள், அதாவது அறுபது சதவீதம். மூன்று முறை தொடர்ந்து பிசகில்லாமல் வந்தால் 6 கூட்டுங்கள். ஒரு முறை பிசகினால் 12 குறையுங்கள். 160 வரை சுலபமாக வரும். 160-இலிருந்து 180 போகத்தான் வாரக்கணக்காகும்.

டோன்: கழுத்துப் பக்க பிக்அப், சின்ன வால்வ் ஆம்ப், டிஸ்டார்ஷன் வேண்டவே வேண்டாம்.

13. நடுமேளம்

டிரம்ஸுக்கு ஒரு சின்னச் சேர்க்கை. தட்டில் வாசித்தவர் டிக் ரிச்சர்ட்ஸ் என்று பல இடத்தில் போட்டிருக்கிறது. அவர் மேடை டிரம்மர். பதிவில் வாசித்தவர் பில்லி கஸ்ஸாக், ஸ்டுடியோ ஆள்.

ஸ்னேர் டிரம்மின் தோலையும் விளிம்பையும் ஒரே அடியில் சேர்த்து அடிப்பதுதான் ரிம் ஷாட். தோலில் மட்டும் பட்டால் 'தொப்', விளிம்பில் மட்டும் பட்டால் 'டிக்', இரண்டிலும் பட்டால் துப்பாக்கி. தவறுவதற்கு முக்கால்வாசிக் காரணம் ஸ்னேரின் உயரம். ஸ்னேரைத் தொடை மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டையாக வையுங்கள். சாய்வாக இருந்தால் குச்சி இரண்டையும் ஒருசேரத் தொடாது.

கிக் டிரம்மை அடித்து நொறுக்காதீர்கள். இந்தப் பாட்டின் அடித்தளம் டபுள் பேஸ்.

14. கம்பிக்காரன்

ஆமாம், அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. பேஸ் மார்ஷல் லைட்டில். ஸ்லாப் வாசிப்பு. 1, 3 அடிகளில் கம்பியை விரல்பலகையிலிருந்து விலக்கி இழுத்து விடுவது, அது திரும்பி வந்து பலகையில் அறையும். 2, 4 அடிகளில் உள்ளங்கையால் கம்பிகளைப் பலகையோடு தட்டுவது. தனியாகக் கேட்டால் பேஸும் தாளமும் ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

புதிதாகப் பழகுபவர்கள் விரல் நுனியால் நேரே மேலே கிள்ளுகிறார்கள். கொப்புளம்தான் மிச்சம். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுச் சதையால் கம்பியைக் கொக்கிபோல் பிடித்துத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். இரும்புக் கம்பி போட்ட பேஸில் இது கையை அறுக்கும், சத்தமும் 'கிண்' என்று வரும். அந்தக் காலத்து ஒலிக்குக் குடல்நரம்புக் கம்பி, அல்லது இன்று கிடைக்கும் நைலான் வகை. மேடையில் பேஸுக்கு பிக்அப் மட்டும் வைத்தால் ஸ்வரம் கேட்கும், கம்பி அறையும் சத்தம் கேட்காது. பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன மைக் வைத்து, அதில் கீழ் ஒலிகளை வெட்டிவிட்டுக் கலக்க வேண்டும்.

எலெக்ட்ரிக் பேஸில் வாசிக்கலாமா என்று யாரோ கேட்கப் போகிறீர்கள். வாசிக்கலாம். பாட்டு நடக்கும், துள்ளாது.

15. ஊசிமுனை

இரண்டாவது கேள்வி அனாதையாகக் கிடக்கிறது: அசல் எது?

ஹேலி 1959-இல் டெக்காவை விட்டு 1960-இல் வார்னர் பிரதர்ஸ் போனார். போன இடத்திலெல்லாம் பழைய பாட்டைப் புதிதாகப் பாடிக் கொடுக்க வேண்டியிருந்தது. கம்பெனிக்குத் தன் சொந்தப் பதிவு வேண்டும், டெக்காவோ பழையதைத் தராது. ஆகப் பல மறுபதிவுகள் உலவுகின்றன. 1974-இல் தொடங்கிய 'ஹேப்பி டேஸ்' தொலைக்காட்சித் தொடரின் முகப்பில் ஒலித்ததும் 1973-இல் புதிதாகப் பாடியதுதான். 1973-இல் வந்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்தின் தொடக்கத்தில் வருவது மட்டும் 1954 பதிவு.

காதால் பிரிக்க வழி: முதலில் ஸ்டீரியோவா பாருங்கள். ஹெட்ஃபோனில் டிரம்ஸ் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம் என்று நிஜமாகவே பிரிந்து கேட்டால் அது மறுபதிவு, மேலே யோசிக்க வேண்டாம். 1954 பதிவு மோனோ. ஆனால் அந்த மோனோவையே பின்னாளில் ஒரு காதுக்குக் கீழ் ஒலி, ஒரு காதுக்கு மேல் ஒலி என்று பிரித்துப் போலி ஸ்டீரியோ ஆக்கி விற்றிருக்கிறார்கள். அதில் குரல் குகைக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கும். அடுத்து நீளம், 2:08-க்கு அருகில் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். கடைசியாக சோலோ. செட்ரோன் இறந்தபின் வந்த பிரானி பீச்சர் பெரிய கை, பென்னி குட்மன் குழுவில் இருந்தவர். ஆனால் கம்பிக்காரர் சொன்ன அந்த உலர்ந்த பட்டாணி செட்ரோனுடையது மட்டும்தான்.

16. எதிர்ப்பாட்டு

அந்த 2:08-இலேயே ஒட்டு இருக்கிறது என்கிறார்களே. இரண்டு டேக்கையும் வெட்டி ஒட்டியது என்று.

17. ஊசிமுனை

இதில் இரண்டு கூற்று. பரவலாகச் சொல்லப்படுவது: முதல் டேக்கில் குழுவின் சத்தத்தில் ஹேலியின் குரல் மூழ்கிவிட்டது. அடுத்த பதிவுக்குப் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் வெளியே காத்திருக்கிறார். அவசரமாகக் குழுவை அடக்கிவைத்து இரண்டாவது டேக். பிறகு பொறியாளர்கள் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். பியானோ வாசித்த ஜானி கிராண்டே சொன்னது வேறு: டிரம்மர் ஓர் இடத்தில் பிசகினார், இரண்டாவது டேக் எடுத்தது அதற்காக மட்டும்.

எப்படிச் சேர்த்திருப்பார்கள் என்று யோசித்தால் சுவாரசியம். பல தடப் பதிவு அங்கே கிடையாது. எல்லாரும் ஒரே அறையில், சமநிலை என்பது மைக்கிலிருந்து யார் எவ்வளவு தூரம் என்பதுதான். அன்றைக்கு யாரும் காதில் மெட்ரோனோம் வைத்து வாசிக்கவில்லை. அப்படியிருக்க இரண்டு டேக்குகளை ஒன்றன்மேல் ஒன்று ஓட்டினால் பத்து பாரில் விலகிவிடும், ஸ்னேர் இரட்டையாகக் கேட்கும். ஆகவே சேர்த்தார்கள் என்றால் நாடாவை வெட்டி, ஒரு டேக்கின் பகுதியை இன்னொன்றின் பகுதியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் அனுமானம். சுற்று முடியும் இடம்தான் வெட்ட வசதி. வெட்டிய இடத்தைக் காதாலேயே பிடித்துவிட்டேன் என்பவர்களை நான் நம்புவதில்லை.

18. நடுமேளம்

குழுவின் பின்கதை ஒரு வரி: சாக்ஸ் ஜோயி டம்ப்ரோசியோ, பேஸ் லைட்டில், டிரம்ஸ் ரிச்சர்ட்ஸ் மூவரும் 1955-இல் சம்பளத் தகராறில் வெளியேறி ஜோடிமார்ஸ் என்று தனிக்குழு ஆரம்பித்தார்கள். பாட்டு உச்சியில் இருந்த அதே ஆண்டு. அதனால் 1956-இல் பாட்டின் பெயரிலேயே வந்த படத்தில் நீங்கள் பார்க்கும் முகங்களில் பாதி, தட்டில் வாசித்த கைகள் அல்ல. அந்தப் படத்துக்குத்தான் பிரிட்டனில் தியேட்டரில் எழுந்து ஆடி நாற்காலியை உடைத்து, சில ஊர்களில் தடையும் போட்டார்கள்.

19. சுருதிபிசகு

மூன்றுக்கும் பதில் கிடைத்தது, எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: 29124 எண் போட்ட 78 வேகப் பழைய தட்டு ஒன்று விலைக்கு வருகிறது. சாதாரண டர்ன்டேபிளில் போடலாமா?

20. ஊசிமுனை

78 வேகம் இருந்தாலும் ஊசி அதுவல்ல. எல்பி ஊசியின் முனை 18 முதல் 25 மைக்ரான். 78-இன் பள்ளத்துக்கு 75 மைக்ரான் வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அங்கே தேங்கிய தூசியை வாசிக்கும். பாட்டு பின்னால், பொரியல் சத்தம் முன்னால். பெரும்பாலான கார்ட்ரிட்ஜுக்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கும், மாற்றினால் போதும். எடை நாலைந்து கிராம் வரை வைக்கலாம். ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், மேல்-கீழ் அசைவில் வரும் இரைச்சல் பாதி செத்துவிடும்.

கழுவும்போது ஆல்கஹால் கலந்த திரவம் ஆகாது. 78 தட்டு செய்யப்பட்ட ஷெல்லாக் அதில் கரையும். வினைலுக்கு விற்கும் பாட்டிலைப் படித்துப் பார்க்காமல் ஊற்றித் தட்டை மெழுகாக்கியவர்கள் உண்டு. காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மெல்லிய தூரிகை, லேபிள் நனையாமல். உடனே துடைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள்.

வாங்கும் முன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இந்தத் தட்டில் ஒரு பக்கம்தான் சாம்பல் பூத்துத் தேய்ந்திருக்கும், மற்றது புதுசு மாதிரி பளபளக்கும். விற்பவர் பளபளக்கும் பக்கத்தைத்தான் காட்டுவார். அது 'தர்ட்டீன் விமன்'.